இறப்புச் சான்றிதழில் ஒரு சொல்

அமெரிக்காவில் போலி மாத்திரைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பல ஆண்டுகளாக ஒரு சொல்லுக்காகப் போராடி வருகிறார்கள். அந்தச் சாவுகளை அதிகாரிகளும் செய்தித்தாள்களும் 'ஓவர்டோஸ்' என்று எழுதுகின்றன. அளவுக்கு மீறிப் போதைப்பொருள் எடுத்ததால் வந்த சாவு என்று பொருள். பெற்றோர் இதை ஏற்பதில்லை. பிள்ளை எடுத்தது ஒரே ஒரு மாத்திரை, அதையும் வேறு ஏதோ மருந்து என்று நம்பித்தான் எடுத்தது, எனவே இது நஞ்சூட்டல் என்பது அவர்கள் வாதம்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சாதியால் கொல்லப்பட்ட பிள்ளையின் சாவு காவல்நிலையத்தில் 'தற்கொலை' என்றும் 'விபத்து' என்றும் எழுதப்படுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றாது. சாவுக்கு எந்தப் பெயர் வைக்கப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்பது முடிவாகிறது. அந்தப் பெற்றோர் அழலாமா, வெட்கப்பட வேண்டுமா என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் சுமார் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் எந்தப் பெற்றோரின் கண்ணீரை நாடு பார்த்தது, எந்தப் பெற்றோரின் கண்ணீரைப் பார்க்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன். அமெரிக்க வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு நினைவூட்டல். அண்ணல் அம்பேத்கர் 1946இலேயே டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் வரலாற்றில் நம் பாடங்களைத் தேடுவது நமக்குப் பழைய பழக்கம்தான்.

முதலில் அந்த மாத்திரையைப் பற்றி.

ஃபெண்டனில் என்பது பெல்ஜியத்தின் பால் ஜான்சன் 1960 வாக்கில் உருவாக்கிய வலி நிவாரணி. அறுவைச் சிகிச்சையிலும் புற்றுநோய் வலிக்கும் இன்றும் பயன்படுகிறது. மார்பினைவிடச் சுமார் 100 மடங்கு வீரியம் கொண்டது. இரண்டு மில்லிகிராம், அதாவது பென்சில் முனையில் ஒட்டும் அளவு, ஓர் உயிரைப் பறிக்கக்கூடும். கள்ளச்சந்தைக்காரர்கள் இதை மாவோடு கலந்து அச்சில் அழுத்தி, மருந்துக்கடை மாத்திரை போலவே செய்துவிடுகிறார்கள். இவற்றில் அதிகம் புழங்குவது ஒரு பக்கம் 'எம்', மறுபக்கம் '30' என்று பொறித்த நீல மாத்திரை. ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரையின் நகல் அது. சிமெண்ட் கலப்பது போலக் கையால் கலக்கப்படும் சரக்கு என்பதால் ஒரு மாத்திரையில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் சாவு இருக்கும். பிடிபட்ட ஃபெண்டனில் மாத்திரைகளில் 10க்கு 6இல் உயிர்போகும் அளவு இருந்ததாக அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை 2022இல் அறிவித்தது.

இந்தக் கதையில் இந்தியாவும் இல்லாமல் இல்லை. ஃபெண்டனில் தயாரிக்கத் தேவையான வேதிப்பொருட்களை அனுப்பியதாகச் சூரத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் மீது 2025 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது.

14 முதல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் போதைப்பொருளால் இறந்தவர்கள் 2019இல் 492 பேர். 2021இல் 1,146 பேர். இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல். அந்த ஆண்டுகளில் போதையைத் தொட்ட பதின்பருவத்தினரின் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்தது. பிள்ளைகள் மாறவில்லை, சரக்குதான் மாறியது. தேர்வு பயத்துக்கோ, தூக்கம் வரவில்லை என்றோ, நண்பன் கொடுத்தான் என்றோ ஒரு மாத்திரை விழுங்கிய பிள்ளை காலையில் எழுந்திருக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தது அம்மாவோ அப்பாவோதான்.

கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1980களில் முன்வைத்த ஒரு கருத்தாக்கம் சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும். சில துயரங்களுக்குச் சமூகம் உரிமை தருவதில்லை என்றார் அவர். இழவு வீட்டுக்கு வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "எப்படி?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். புற்றுநோயில் செத்த பிள்ளைக்கு அழும் தாயைக் கட்டிப்பிடிப்பார்கள். போதையில் செத்த பிள்ளைக்கு அழும் தாயைப் பார்த்து, இவள் பிள்ளையை எப்படி வளர்த்தாள் என்று யோசிப்பார்கள். உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று டோகா சொன்னது இதைத்தான்.

ஆனால் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் மறுக்கப்படுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள 1986க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 19 அன்று லென் பயஸ் என்ற 22 வயதுக் கறுப்பின இளைஞர் கொக்கைன் எடுத்து இறந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாடே அதிர்ந்தது. அவர் எடுத்தது 'கிராக்' என்ற மலிவான கொக்கைன் கட்டி என்று பேச்சு பரவியது. தூள் கொக்கைன்தான் என்று பின்னால் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. தேர்தல் ஆண்டு வேறு. நாலே மாதத்தில் சட்டம் தயார். 5 கிராம் கிராக் வைத்திருந்து விற்கப் பார்த்தவருக்கு என்ன தண்டனையோ, 500 கிராம் தூள் கொக்கைன் வைத்திருந்தவருக்கும் அதே தண்டனை: குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. இரண்டும் ஒரே பொருள். ஒன்று கறுப்பினக் குடியிருப்புகளில் அதிகம் விற்றது, மற்றது வெள்ளையர் விருந்துகளில் அதிகம் புழங்கியது. ஒன்றுக்கு நூறு என்ற இந்தக் கணக்கு 2010 வரை நீடித்தது. அதன்பிறகும் ஒழியவில்லை, ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைக்கப்பட்டது, அவ்வளவே.

லென் பயஸின் தாய் லோனிஸ் பயஸ் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார். 1990இல் இன்னொரு மகனையும் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தார். அப்போதும் பேச்சை நிறுத்தவில்லை. அந்தத் தாயின் துயரம் உண்மையானது. அந்தத் துயரத்தை அரசு எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? அவர் மகனைப் போன்ற ஆயிரக்கணக்கான கறுப்பின இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பியதில். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஒருவர் கொடுத்த போதைப்பொருளால் சாவு நேர்ந்தால், கொடுத்தவருக்குக் குறைந்தது 20 ஆண்டு சிறை. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தக் காலத்தில் கறுப்பினத் தாய்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 1989இல் தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டனில் ஒரு அரசு மருத்துவமனை, பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்களின் சிறுநீரை அவர்களுக்குச் சொல்லாமலேயே கொக்கைன் சோதனை செய்து போலீஸுக்குத் தகவல் கொடுத்தது. கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். பிள்ளை பெற்ற உடம்போடு விலங்கு மாட்டி இழுத்துச் சென்ற சம்பவங்களும் நடந்தன. இது அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆயிற்று. போதையால் குடும்பம் சிதைந்த கறுப்பினத் தாய்க்கு அன்று ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை. அவளைக் குற்றவாளியாகவே பார்த்தார்கள்.

பிறகு 1996. பர்டூ பார்மா நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிமையாவது மிக அரிது என்று டாக்டர்களிடம் சொல்லியே விற்றது. அதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்பட்டது, 1980இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஐந்தே வரிக் கடிதம். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி போன்ற சுரங்கப் பகுதிகளில் உடம்பு வலியோடு உழைத்த மக்களிடம் மாத்திரை வெள்ளமாய்ப் பாய்ந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதற்கும் இனவெறிதான் ஒரு காரணம். கறுப்பின நோயாளி வலிக்கிறது என்று சொன்னால் நம்பாத, வலி மாத்திரை எழுதித் தரத் தயங்கிய மருத்துவத்துறை அது.

2007இல் பர்டூவின் இணை நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் மாத்திரையைத் தவறான தகவலோடு விற்றது தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் அபிங்டன் நீதிமன்றத்தில் தண்டனை அறிவித்த நாளில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் வந்து பேசினார்கள். ஒரு தாய் தன் மகனின் சாம்பலைச் சிறு கலசத்தில் எடுத்து வந்திருந்தார். சுமார் 63 கோடி டாலர் அபராதம். அதிகாரிகளுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும். சிறை இல்லை. 5 கிராம் கிராக்குக்கு ஐந்து ஆண்டு என்ற கணக்கு அப்போதும் நடைமுறையில் இருந்தது.

2010இல் மாத்திரையை நசுக்க முடியாதபடி மாற்றினார்கள். ஏற்கனவே அடிமையாகிவிட்டவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் ஹெராயினோடு ஃபெண்டனில் கலந்தது. அதன்பின் அது போலி மாத்திரைக்குள் புகுந்தது. பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரலில் இறந்ததும் இப்படித்தான். விக்கோடின் என்று நம்பி விழுங்கிய மாத்திரை போலி, உள்ளே இருந்தது ஃபெண்டனில். அதை யார் கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல், யார் மீதும் வழக்குப் போடாமல் விசாரணையை 2018இல் முடித்தார்கள். 2022இல் மட்டும் அமெரிக்காவில் போதைப்பொருளால் இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர். பெரும்பாலான சாவுகளில் ஃபெண்டனில் இருந்தது.

இந்த அலையில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் வாயடைத்து உட்காரவில்லை. பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி வீதிக்கு வந்தார்கள். 2022 மார்ச்சில் பர்டூ திவால் வழக்கில், அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தினர் மூவர் காணொளி விசாரணையில் பெற்றோரின் பேச்சைக் கேட்க வேண்டி வந்தது. ஒரு தம்பதி, மகனின் உயிரற்ற உடலைக் கண்டதும் அவசர உதவி எண்ணுக்குப் பேசிய பதிவை ஓடவிட்டார்கள். 2024 ஜனவரியில் செனட் விசாரணை நடந்தபோது, ஸ்னாப்சாட் வழியாகப் போதை வாங்கி இறந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். நலோக்சோன் என்ற உயிர்காக்கும் மூக்குத் தெளிப்பான் 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைக்கிறது. அதற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட பெற்றோரின் உழைப்பு இருக்கிறது. இவை சாதாரண வெற்றிகள் அல்ல. துயரத்துக்கு உரிமை மறுக்கப்பட்டவர்கள் அந்த உரிமையைப் பிடுங்கி எடுத்த வரலாறு இது.

ஆனால் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வருவோம்.

2023இல் டெக்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. இறப்புச் சான்றிதழில் இனி 'ஃபெண்டனில் நஞ்சூட்டல்' என்று எழுதலாம். பெற்றோர் கேட்டது கிடைத்தது. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. ஃபெண்டனில் கொடுத்து ஒருவர் இறந்தால், கொடுத்தவர் மீது கொலை வழக்குப் போடலாம். ஒரே தாளில் இரண்டும் வந்தன. நஞ்சூட்டல் என்றால் நஞ்சு வைத்தவன் ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா? அவனைத் தேடும் வேட்டை தொடங்குகிறது. 1986 சட்டத்தின் 20 ஆண்டுப் பிரிவும் இப்போது புது வேகத்தோடு பயன்படுத்தப்படுகிறது.

சிக்குவது யார்? கள்ளச்சந்தை முதலாளி அரிதாகத்தான் சிக்குகிறார். பல வழக்குகளில் சிக்குவது கடைசியாக மாத்திரையைக் கைமாற்றியவர்: கூட இருந்த நண்பன், காதலி, தன் பழக்கத்துக்குப் பணம் தேட நாலு மாத்திரை விற்ற இன்னொரு பையன். அவனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை இறந்த 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்றில் இரண்டு பங்கு சாவுகளில் பக்கத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் எதுவும் செய்யப்படவில்லை. நடப்பது என்னவென்று புரியாதது, தூங்குகிறான் என்று நினைத்தது, தனி அறையில் இருந்தது என்று காரணங்கள் பல இருக்கும். ஆனால் போன் செய்தால் போலீஸ் வரும், கொலை வழக்கு வரும் என்று தெரிந்த பதினேழு வயதுப் பையன் போனை எடுப்பானா? உதவிக்கு அழைப்பவரைக் காக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. கொலை வழக்கிலிருந்து அவை பெரும்பாலும் காப்பதில்லை.

இன்னொரு சிக்கல் பெற்றோரின் வாதத்துக்குள்ளேயே இருக்கிறது. 'என் பிள்ளை போதை அடிமை அல்ல' என்று ஒரு தாய் சொல்லும்போது அவர் தன் பிள்ளையின் மானத்தைக் காக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். செத்த பிள்ளையையும் விடாமல் தூற்றும் சமூகத்தில் வேறு எப்படித்தான் பேசுவார்? ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு நிழல் இருக்கிறது. அப்படியானால் அடிமையாக இருந்த பிள்ளையின் சாவு பரவாயில்லையா? பத்து வருடம் போராடி, இரண்டு முறை மீண்டு, மூன்றாம் முறை விழுந்த மகனின் தாய் எந்தச் சொல்லைக் கேட்டுப் போவாள்? அவன் விழுங்கியதும் அதே போலி மாத்திரைதான்.

நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற இந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்பதை இனக் கணக்கு காட்டுகிறது. 2020இல் கறுப்பினத்தவரின் போதை மரண விகிதம் வெள்ளையரின் விகிதத்தைத் தாண்டிவிட்டது. பூர்வகுடி மக்களின் விகிதம் எல்லாரையும்விட அதிகம். பதின்பருவத்தினரிலும் 2021இல் அதிக விகிதத்தில் இறந்தது பூர்வகுடிப் பிள்ளைகள். வாஷிங்டன் மாநிலத்தில் லம்மி பூர்வகுடியினர் அடுத்தடுத்த சாவுகளைத் தாங்க முடியாமல் 2023 செப்டம்பரில் தங்கள் மண்ணில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். ஆனால் தொலைக்காட்சியில் போலி மாத்திரையின் முகமாக வருவது பெரும்பாலும் புறநகர் வீட்டு வெள்ளைப் பிள்ளையின் பள்ளிப் படம். அந்தப் பிள்ளை பாதிக்கப்பட்டவன், கறுப்பினப் பிள்ளை சந்தேகத்துக்குரியவன். 1986இல் போட்ட கோடு இன்னும் அழியவில்லை.

துயரம் தண்டனை கேட்டுத்தான் போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. கனடாவில் 2016இல் பிள்ளைகளை இழந்த மூன்று தாய்மார் சேர்ந்து 'மாம்ஸ் ஸ்டாப் தி ஹார்ம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். போதைப் பழக்கத்தைக் குற்றமாகப் பார்ப்பதை நிறுத்து, சிகிச்சையைக் கொடு, சாவைத் தடு என்பது அவர்களின் கோரிக்கை. என் பிள்ளை அடிமையா இல்லையா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை. அடிமையாக இருந்தாலும் அவன் உயிரோடு இருக்க வேண்டியவன் என்பதிலிருந்து தொடங்கினார்கள். அதே கண்ணீர்தான். ஆனால் இன்னொரு தாயின் பிள்ளையைப் பலி கேட்காத கண்ணீர்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் என்று நம்பி மெத்தனால் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். வாங்கியது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. போலி மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு அறிவித்ததும் 'குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?' என்ற பேச்சு தெருவெங்கும் கேட்டது. இழப்பீட்டை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போனார்கள். அப்போது நம்மில் சிலரும், இறந்தவர்கள் எல்லாரும் குடிகாரர்கள் அல்ல, அன்றைக்கு அலுப்புத் தீரக் கொஞ்சம் குடித்தவர்களும் உண்டு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அது உண்மைதான். ஆனால் தினமும் குடித்தவரின் மகளுக்கும் அப்பா செத்துப்போனார் அல்லவா?

களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கும் வேலைக்கு வரப்போகும் மாணவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். இழவு வீட்டுக்குப் போகும்போது செத்தவர் நல்லவரா என்ற விசாரணையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அறிக்கை எழுதும்போது 'அப்பாவி', 'பழக்கம் இல்லாதவர்', 'நன்றாகப் படிக்கும் மாணவர்' என்ற சொற்கள் கை தவறி வந்து விழும். அந்தச் சொற்கள் இல்லாமலும் அந்தச் சாவு அநியாயம்தானா என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அநியாயம் என்றால் அந்தச் சொற்களை அடித்துவிடலாம். கலப்படம் செய்தவர் யார், அதில் பணம் பார்த்தவர் யார், தடுக்க வேண்டிய அதிகாரி எங்கே போயிருந்தார் என்பதை அந்த இடத்தில் எழுதுங்கள். அபிங்டன் நீதிமன்றத்துக்குச் சாம்பல் கலசத்தோடு வந்த தாயும் இதைக் கேட்கத்தான் வந்தார். அவர் மகன் எப்படிப்பட்டவன் என்று அந்த நிறுவனம் மாத்திரை விற்கும்போது கேட்கவில்லை.